கிளிப்புக்கு அடியில் ஒரு புள்ளி

"மொதல்ல கையக் காட்டு" என்பாள். கத்தியைப் பிறகுதான் வாங்குவாள்.

தேங்காய்ப்பட்டணம் போகிற சாலையில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டே கடைகள். ஒன்று என் தையல் கடை. அடுத்தது அவளுடைய பல் செட்டுக் கடை. பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவள் செட்டுச் செய்து திருப்பி அனுப்புவாள். சுவரை அடைத்து மூன்று தட்டு நிறைய சுண்ணாம்பு நிறத்தில் தாடைகள். எல்லாம் வாயைத் திறந்தபடி சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என்னிடம் ஜாக்கெட் அளவு கொடுக்க வரும் பெண்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பார்கள். ஊர் அவளைப் பல்லக்கா என்றது. சொந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கூப்பிட்டதில்லை. நானும் அதை இங்கே எழுதப்போவதில்லை.

பல்லில்லாதவர்களைவிட, பல்லெல்லாம் உள்ள ஆண்கள்தான் அவள் கடைக்கு அதிகம் வந்தார்கள். கல்ஃபிலிருந்து விடுப்பில் வருகிறவர்கள். ஆளுக்கொரு மடக்குக் கத்தி சட்டைப்பையிலோ இடுப்பிலோ கிளிப் போட்டு மாட்டியிருக்கும். பிரேம் லாக் என்பார்கள். எனக்கு அப்போது அதொன்றும் தெரியாது, பல்லக்காதான் பிரித்துக் காட்டினாள். கைப்பிடியின் இரண்டு பக்கத் தகடுகளில் ஒன்றை நீளவாக்கில் கீறி ஒரு பட்டையாக விட்டிருப்பார்கள். அலகைத் திறந்ததும் அந்தப் பட்டை உள்ளே வளைந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். டக் என்று ஒரு சத்தம். அதுதான் லாக். பட்டையைப் பெருவிரலால் தள்ளினால்தான் அலகு மறுபடி மடங்கும்.

பல்லை ராவித் தேய்க்கிற சின்ன மோட்டாரை வைத்துக்கொண்டு அவள் அந்தக் கத்திகளில் செய்யாத வேலை இல்லை. அலகின் அடியில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, நாலு தடவை திறந்து மூடி, மை எங்கே போயிருக்கிறது என்று பார்ப்பாள். மை போன இடத்தில் மட்டும் மோட்டாரைத் தொடுவாள். லாக் ஒட்டுகிறது, தள்ள வரமாட்டேன் என்கிறது என்று ஒருவன் வந்தால், பள்ளிக்கூடப் பென்சிலை எடுத்து அந்த முட்டுகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, "போ மக்கா, இனி ஒட்டாது" என்பாள். ஒட்டாது. டைட்டானியம் கைப்பிடியைச் சோடா உப்புத் தண்ணீரில் முக்கி பேட்டரி வயரைத் தொட்டால் நிறம் மாறும். எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதற்கு என்னைக் கூப்பிடுவாள். நான் சேலை பார்க்கிற கண்ணோடு பார்த்து, "இது மயில்கழுத்து, நிறுத்துங்க" என்பேன். அந்த வட்டாரத்தில் மயில்கழுத்து நிறக் கத்தி வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் நிறம் சொன்னவள் நான்தான்.

அவள் மட்டும் கத்தி வைத்துக்கொண்டதில்லை. பிஸ்கட் கவரைப் பிரிக்கக்கூட என் கடைக்கு வந்து, "ஏட்டி, கத்தரி தா" என்று கேட்பாள்.

கையைக் காட்டு என்றால் ரேகை பார்க்க அல்ல. தன்னிடம் உள்ள ஒரு பழைய கத்தியைத் திறந்து கைப்பிடியை வந்தவன் பக்கம் நீட்டுவாள். "பிடி" என்பாள், அவ்வளவுதான். அலகின் முதுகில் பெருவிரலை வைத்துப் பிடிக்கிறவர்கள் உண்டு. காய் நறுக்குகிற பிடி. அலகு கீழே தொங்க முஷ்டிக்குள் இறுக்கிப் பிடிக்கிறவர்களும் உண்டு. அவள் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் சிரிப்பாள். "ரெண்டு நாளு கழிச்சு வா" என்பாள்.

முஷ்டியாகப் பிடித்த ஒருவன் நினைவிருக்கிறது. கார் வைத்திருந்தான், விரலில் தடித்த மோதிரம். "எதுக்கு மக்கா இது?" என்று கேட்டாள். "சும்மா, ஒரு தைரியத்துக்கு" என்றான். இரண்டாம் நாள் அவன் வருவதற்கு முன்னால் நான் கட்டன்சாயாவோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். கத்தி தயாராக இருந்தது. அவள் கைப்பிடியை மேஜையோரத்து இரும்பு இடுக்கியில், வைஸில், வைத்து இறுக்கினாள். அலகைத் திறந்தாள், டக் என்றது. ஒரு மரக்கட்டையை எடுத்து அலகின் முனைக்கு எதிராக வைத்துத் தள்ளினாள். அலகு வழுக்கிக்கொண்டு மடங்கிக் கைப்பிடிக்குள் போய்விட்டது.

"எக்கா, லாக்கு நிக்கல்லியே."

"நிக்காது."

"அப்ப இன்னும் சரியாக்கலியா?"

"சரியாக்கியாச்சு."

வைஸிலிருந்து கத்தியை எடுத்து ஒரு மாங்காயை நறுக்கிக் காட்டினாள். துண்டு துண்டாக விழுந்தது, அலகு அசையவில்லை. எனக்கும் ஒரு துண்டு தந்தாள்.

"வெட்டும்போ அலகு தன்னால தொறக்கிற பக்கமாத்தான் தள்ளும். அப்ப லாக்குக்கு வேலையே இல்ல. குத்தும்போதான் லாக்கு வேணும். இது வெட்டினா நிக்கும், குத்தினா மடங்கும். கேட்டியா?"

"மடங்கினா?"

"உள்ள இருக்கது அவனுக்க வெரலுல்லா."

புதுப் பல் செட்டு இரண்டு நாள் வலிக்கும் என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். பிறகு கிளிப்பைக் கழற்றி, அது மறைக்கிற இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி துளைத்து, திரும்ப மாட்டினாள். எதற்கு என்று கேட்டேன். "மறுக்கா வந்தா எனக்குத் தெரியாண்டாமா, இது எந்த ஜாதிக் கத்தீண்ணு?"

"இது தப்பில்லியாக்கா?"

"என்னத்த தப்பு? மீனு அறுக்கட்டு, கயிறு அறுக்கட்டு, மாங்கா தின்னட்டு. நான் கொறை வெச்சேனா? ஒரு ஆளு மேல குத்தப் போனா மட்டும் அது அவன் பேச்சக் கேக்காது. அவ்வளவுதானே."

அன்றைக்கு நான் ஒரு ஜாக்கெட்டுக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். பயம்தான். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும், எனக்கு அது பிடித்தும் இருந்தது. அதற்குப் பிறகு அவள் கடைக்கு யார் வந்தாலும் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பேன். பிடிக்கிற பிடியைப் பார்த்து, இவனுக்குப் புள்ளி உண்டு, இவனுக்கு இல்லை என்று மனதில் சொல்லிக்கொள்வேன். அவன் போனபின் அவளிடம் கண்ணால் கேட்பேன். அவள் தலையசைப்பாள். பெரும்பாலும் நான் சொன்னது சரியாக இருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு, சவம்.

அவள் ஏன் இதைச் செய்தாள் என்று எனக்குத் தெரியாது, அவளைப் பற்றி ஊர் சொன்ன கதைதான் தெரியும். அவள் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் ஒரு கல்யாண வீட்டுச் சண்டையில் குத்துப்பட்டு இறந்தான் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, அவன்தான் குத்தினான் என்று வேறு சிலர் சொன்னார்கள். ஒருநாள் இரண்டு கதையையும் அவளிடமே சொல்லி, எது சரி என்று கேட்டேன். எனக்கு வாய் அடங்காது. அவள் ஒரு மேல்தாடையில் பற்களை மெழுகில் நட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டுலயும் ஒருத்தன் செத்தான்லா" என்றாள்.

இனி என் தம்பி.

என்னைவிட ஆறு வயது இளையவன். கல்ஃபுக்குப் போகுமுன் அவனுக்குச் சிப்பி எடுக்கிற வேலை. கடலுக்குள் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை உளியால் குத்திப் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவான். அப்புறம் ஷார்ஜாவில் ஒரு வொர்க்‌ஷாப். நல்ல பிள்ளைதான், கோபம் வந்தால் மட்டும் வேறு ஆள். அந்த வருடம் திரும்பி வந்ததும் அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் ஏதோ தகராறு. அவள் இராஜாக்கமங்கலத்தில் தாய்வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். இவன் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அஞ்சாம் நாள் என் கடைக்கு வந்தான். கையில் ஒரு பிரேம் லாக்.

"எக்கா, இதுக்க லாக்கு ஒட்டுது. பல்லக்காட்ட குடுத்துச் சரியாக்கணும். ஞாயிற்றுக்கெழம நான் அங்க போறேன்."

"எங்கலே?"

"எங்கயா? அவளுக்க வீட்டுக்கு. வருவாளா மாட்டாளாண்ணு கேக்கப் போறேன். ரெண்டுல ஒண்ணு தெரியணும்."

"அதுக்குக் கத்தி எதுக்குலே?"

அவன் அடுத்த கடைக்குப் போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். பல்லக்கா பழைய கத்தியை நீட்டினாள். "பிடி." அவன் பிடித்தான். முஷ்டிக்குள், அலகு கீழே தொங்க.

அந்தப் பிடி எனக்குத் தெரியும். பதினாலு வயதிலிருந்து பாறையில் உளியைப் பிடித்துப் பழகின பிடி அது. அவன் பேனாவைத் தவிர எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் பிடிப்பான். சப்பாத்திக் கட்டையைக்கூட அப்படிப் பிடித்து எங்களைச் சிரிக்கவைத்தவன்.

அவன் போனதும் பல்லக்கா என் வாசலுக்கு வந்தாள். நான் மேஜையில் லைனிங் துணி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒனக்க தம்பிக்க பிடியப் பாத்தேன். வல்லதும் சொல்லியதுக்கு உண்டா?"

வேறு யாரைப் பற்றியும், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அவள் என்னிடம் கேட்டதில்லை. அவன் சிப்பி எடுத்தவன், அவன் கை அப்படித்தான், அதற்கு வேறு அர்த்தம் இல்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாக்கு வரை வந்தது. கூடவே ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. இராஜாக்கமங்கலத்து வீட்டு முற்றத்தில் அந்தப் பெண் நிற்பது கண்ணுக்குள் வந்தது.

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "செரி" என்று போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என் உயிர் என்னிடம் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு பஸ்ஸிலிருந்து இரண்டு பேரும் இறங்கினார்கள். அவன் தோளில் ஒரு வாழைத்தார், அவள் கையில் துணிப்பை. மாமியார் திட்டினாளாம், இவன் அழுதானாம், எல்லாரும் அழுதார்களாம், அப்புறம் மீன்குழம்பும் சோறும் போட்டார்களாம். அவள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் அவன் இடுப்பைப் பார்த்தேன்.

"கத்தி எங்கலே?"

"அது வீட்டுல கெடக்கு. மாமியா வீட்டுக்குக் கத்தியும் கொண்டா போவாவ?"

நான் பல்லக்காவிடம் ஓடினேன். திருப்பிச் சரியாக்கித் தாங்க என்றேன். அவள் மோட்டாரை நிறுத்தினாள்.

"தேச்சு எடுத்தத மறுக்கா ஒட்டவெக்க முடியுமாட்டி? பல்லா இது, மெழுகு வெச்சுக் கட்டியெழுப்ப? வேற கத்தி வாங்கிக் குடு, இல்லேண்ணா உள்ளத அவன்ட்ட சொல்லு."

"நீங்க சொல்லுங்கக்கா."

"நான் சொன்னா, ஏன் இப்பிடிச் செஞ்சீயண்ணு கேப்பான். நான் என்ன சொல்லட்டு? ஒனக்க அக்காட்ட கேட்டேன், அவ ஒண்ணும் இல்லேண்ணு சொல்லிட்டாண்ணா?"

வேறு கத்தி வாங்கிக் கொடுத்தேன். பெண்டாட்டிக்கு மாங்காய் நறுக்க ஆகும் என்று அவளிடம் கொடுத்துவிட்டான். பல்லக்கா கைபட்ட கத்தி போல வருமா என்றான். பக்கத்து வீடுதானே, ஒருநாள் அவன் இல்லாதபோது புள்ளி வைத்த அந்தக் கத்தியை எடுத்து எங்கள் அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தேன். சாயங்காலம் அவன் வீட்டையே புரட்டிப்போட்டான். அவள்தான் எங்கேயோ போட்டுவிட்டாள் என்று பெண்டாட்டியைத் திட்ட ஆரம்பித்தான். குரல் ஏறிக்கொண்டே போனது. நான் அரிசியைத் தட்டிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் கிடந்ததலே என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்படி ஒரு கேடுகெட்ட பிழைப்பு.

சிப்பி சீசன் வந்தது. அவன் திரும்ப ஷார்ஜா போகவில்லை. மறுபடி கடலில் முங்கப்போவதாகச் சொன்னான். முதல்நாள் காலை, அரைக்கால் சட்டையில் கிளிப் போட்டுக் கத்தி தொங்குவதைப் பார்த்தேன்.

"உளி எங்கலே?"

"துருப் பிடிச்சுப் போச்சு. இது போரும். கைப்பிடி டைட்டானியம், உப்புத்தண்ணி ஒரு மயிரும் செய்யாது."

"வேண்டாம்லே. உளிய ராவி எடுத்துட்டுப் போ."

"நீ ஒருத்தி. கத்திய யாரு சரியாக்கினாண்ணு தெரியும்லா? பல்லக்கா வேலையாக்கும்."

பெண்டாட்டி அவனுக்குச் சாயா நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் என்ன சொல்ல? நீ இவளைக் குத்திக் கொல்லுவாய் என்று நினைத்தேன், அதனால்தான் அந்தக் கத்தி இப்படி என்று அவள் முகத்துக்கு முன்னால் சொல்லவா? சொல்லியிருக்கவேண்டும். அவள் காதில் விழுந்திருந்தாலும் சரி, சொல்லியிருக்கவேண்டும்.

"பாத்து" என்றேன்.

பத்து மணிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பாறை இடுக்கில் முனையை விட்டு முழுப் பலத்தோடு குத்தியிருக்கிறான், கத்தி மடங்கிவிட்டது. தண்ணீருக்குள் முதலில் வலி தெரியவில்லையாம், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக எழும்பிய பிறகுதான் தெரிந்ததாம். வலக்கையில் சுண்டுவிரல் கடலிலேயே போய்விட்டது. மோதிரவிரல் இருக்கிறது, மடங்காது.

ஆஸ்பத்திரிக்குப் பல்லக்கா வந்தாள். கட்டிலருகே நின்று, கட்டுப்போட்ட கையை ரொம்பநேரம் பார்த்தாள்.

"எனக்க கையில பெழ பற்றிப்போச்சு மக்கா. பெழ எனக்கதாக்கும்."

"போனா போட்டும்க்கா. நான்தான் வெப்ராளத்துல அவசரப்பட்டு அமுக்கினேன். நீங்க வெசனப்படாதீங்க."

நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தேன். பல்லக்கா ஒரு தடவை என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொல்லவில்லை. அவள் கிளம்பியபோது வாசல் வரைகூட நான் போகவில்லை.

பல்லக்கா சரியாக்கின கத்தி மடங்கிவிட்டது என்று செய்தி பரவியது. கத்திகள் திரும்பி வர ஆரம்பித்தன. அவள் ஒவ்வொன்றாக வாங்கிக் கிளிப்பைக் கழற்றிப் பார்ப்பாள். புள்ளி இல்லாவிட்டால் திருப்பிக் கொடுப்பாள். புள்ளி இருந்தால் வைஸில் வைத்து முறித்துப்போடுவாள். ஏச்சும் வாங்கினாள். இன்னும் எத்தனை வெளியே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அவள் தாடைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டே இருந்தாள். மோதிரக்காரன் வரவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கடையைக் காலி செய்த அன்று என் மிஷின் மேல் ஒரு சின்னக் கத்தியை வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு, மயில்கழுத்து நிறம்.

"நூலு அறுக்க வெச்சுக்க" என்றாள். எங்கே போகிறாள் என்று சொல்லவில்லை, பிறகு அவளைப் பற்றித் தகவலும் இல்லை.

எட்டு வருடம் அந்தக் கத்தியால் நூல் அறுத்தேன், தையல் பிரித்தேன், பார்சல் உடைத்தேன். ஒருநாள்கூட அது என்னைக் கைவிட்டதில்லை. எடுக்கும்போதெல்லாம், நான் செய்த காரியத்துக்கு அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். போன மாதம் கிளிப்பின் ஸ்குரூ லூசாகி ஆடியது. இறுக்கலாம் என்று திருகினேன், கழன்று கையோடு வந்துவிட்டது.

அடியில் புள்ளி இருந்தது.

கைப்பிடியைத் துணியில் சுற்றித் தள்ளிப்பிடித்து முனையை மேஜைக்காலில் அழுத்தினேன். மடங்கியது. நான் எந்தக் காலத்தில் அவளுடைய பழைய கத்தியைப் பிடித்துக் காட்டினேன் என்று யோசித்தேன். காட்டவே இல்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. வல்லதும் சொல்லியதுக்கு உண்டா என்று அவள் கேட்ட அன்று மேஜையைக் குனிந்து பார்த்தாளே, அங்கே என் கை இருந்தது. பதில் தேடின அந்த நேரத்தில் பெரிய கத்தரியை மூடி முஷ்டிக்குள் பிடித்திருந்தேன். முனை லைனிங் துணியைத் துளைத்துக்கொண்டு மரத்தில் இறங்கியிருந்தது. அந்தத் துணியைப் பிறகு தூக்கிப்போட்டேன்.

கத்தியை மேஜையில் வைத்துவிட்டு, அதே பெரிய கத்தரியைக் கையில் எடுத்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது தம்பி வந்தான். இப்போது அவனுக்கு ஜங்ஷனில் பெட்டிக்கடை. எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று, மேல் சீவின இளநீர் ஒன்று கொண்டுவந்திருந்தான்.

"எளநிக்குக் கண்ணு தொறக்கல்ல. ஒனக்க கத்திய இஞ்ச தா" என்று தானே மேஜையிலிருந்து எடுத்தான். அலகைத் திறந்தான், டக் என்றது. மூன்று விரலால், அதே முஷ்டிப் பிடியில், முனையை இளநீருக்கு மேலே கொண்டுபோனான்.

"குத்தாதலே! மடங்கும்!"

என் சத்தத்தில் அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கத்தியைப் பார்த்தான். சுண்டுவிரல் இருந்த இடத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எக்கா, இது மடங்கும்ணு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

கத்தரி அப்போதும் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, முதலிலிருந்து சொன்னேன்.